துவைத்தாலும் கிழியாத புத்தகம்

போன வாரம் ஒரு புத்தகத்தை வாஷிங் மெஷினுக்குள் சுற்ற விட்டுவிட்டு நான் பாட்டுக்கு அத்தியாயத்தை முடித்துவிட்டேன். போயும் போயும் அந்த இடத்திலா நிறுத்துவது என்று கோபித்துக்கொண்டவர்கள் ஏராளம். நியாயமான கோபம்தான். இதோ, மெஷினை நிறுத்திக் கதவைத் திறக்கிறேன். உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு என்மேல் பாயாதீர்கள், துவைத்தது நான் இல்லை.

துவைத்தது மாமியார். சலவைக்கடையின் முதலாளி. வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கஞ்சி மேடம்'. அவர் கஞ்சி போட்டுக் கொடுத்த சட்டை, உள்ளே ஆள் இல்லாமலே நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும். அவர் கடைச் சுவரில் 'பாக்கெட்டைப் பார்!' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது. எழுதி மாட்டியவரும் அவரேதான்.

அப்பேர்ப்பட்டவர், மருமகளின் பாய்லர் சூட்டை எடுத்துப் பாக்கெட்டைப் பார்க்காமல் மெஷினில் போட்டுவிட்டார். மருமகள் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். எஞ்சின் அறையில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை போட்டுக்கொள்கிற அந்த நீல உடுப்பின் தொடைப் பாக்கெட்டில் 'கடல் தின்ற கோட்டை' இருந்தது.

'கடல் தின்ற கோட்டை' தெரியுமில்லையா? கடலுக்குள் போன கோட்டை, அதன் சாவியைத் தேடிக் கிளம்பும் நிழல் இல்லாத இளவரசி, வாய் ஓயாத ஆமை என்று தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும் மாயக்கதை. படிக்காதவர்கள்கூடப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாவல். மருமகளுடையது பள்ளிக்கூட நாளில் வாங்கிய பிரதி. ஒவ்வொரு பயணத்திலும் அதை முதலிலிருந்து கடைசி வரை படிப்பாள். வேலை முடிந்து வந்து, கையிலுள்ள எண்ணெயைக் கழுவி, ஒரு அத்தியாயம் படித்தால்தான் கப்பலில் அவளுக்குத் தூக்கம் வரும்.

மெஷினைத் திறந்தபோது பாக்கெட்டில் ஒரு பிடி கூழ் இருந்தது.

மாமியார் அதை அப்படியே கையில் ஏந்திக் கொண்டுபோய் மருமகளிடம் நீட்டினார். மருமகள் அந்தக் கூழைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவாயில்ல அத்தை. பழைய புத்தகம்தானே."

ஆச்சு, அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் இதோடு கதை முடிந்து, நான் வேறு குடும்பத்தைத் தேடிப் போயிருப்பேன்.

"அவ ஏங்க கத்தல?" என்று மறுநாள் காலையில் இஸ்திரி மேஜைக்கு எதிரே வந்து நின்றார் மாமியார்.

மாமனார் ஒரு காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். "யாரு?"

"உங்க மருமக. அவ புத்தகத்தைக் கூழாக்கிட்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கோவமா பேசலாமில்ல?"

"சண்டை போடலன்னு கவலைப்படற மாமியார் உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே."

"சிரிக்காதீங்க. நம்ம பையனை எடுத்துக்கங்க. ஒரு பட்டன் போச்சுன்னா வீட்டை ரெண்டு பண்றான். ஏன்? இது அவன் வீடு. இவ கல்யாணம் ஆகி ஒரு வருஷமாச்சு. இன்னும் 'பரவாயில்ல', 'நீங்க சிரமப்படாதீங்க', 'நானே எடுத்துக்கறேன்'. நம்ம கஸ்டமருங்ககூட என்கிட்ட இவ்வளவு மரியாதையா பேசினதில்ல."

"அது அவ சுபாவம்."

"என்ன சுபாவம்? காலையில மாடிக்குப் போனேன். கொடியில டாக்டர் வீட்டு பெட்ஷீட்டுக்கு நடுவுல நாலஞ்சு பக்கம் கிளிப் மாட்டித் தொங்குது. கூழாகாம பிழைச்ச பக்கங்க. என்னைப் பாத்ததும் அவசர அவசரமா உருவி முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு, 'காத்து நல்லா வருது இல்ல அத்தை?'ங்கறா."

மாமனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"சாயங்காலம் கார் வந்துடும். போனா ஆறு மாசம்" என்றார் மாமியார். "இப்படியே 'பரவாயில்ல'ன்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறினாள்னு வைங்க, திரும்பி வரும்போதும் விருந்தாளியாத்தான் வருவா. என்னால தாங்க முடியாது. அதுக்குள்ள அந்தப் புத்தகத்தைப் புதுசா வாங்கி அவ கையில குடுக்கணும். ஏனோதானோன்னு ஒண்ணு இல்ல. தண்ணி பட்டாலும், எண்ணெய் பட்டாலும், நானே மறுபடி புத்தி கெட்டுப்போய் மெஷின்ல போட்டாலும் கிழியாத புத்தகம்."

"அப்படி ஒண்ணு இருக்கா என்ன?"

"இல்லாமயா போகும்? சட்டையை மாட்டுங்க, கிளம்புவோம்."

கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். மாமியார் தோளில் ஒரு பெரிய துணிப்பை. அதில் என்ன இருக்கிறது என்று மாமனார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழியிலேயே திரும்பி ஓடியிருப்பார்.

அடுத்த தெருவில் ஒரு புத்தகக்கடை. நீளமாக, இடுக்காக, இரண்டு பக்கமும் கூரை வரை அலமாரி. உயரத்தில் இருப்பதை எடுக்க சக்கரம் வைத்த ஒரு மர ஏணி. கடைக்காரப் பெண்மணிக்குப் புத்தகத் தூசி ஆகாது. தும்மலோடு தொழில் நடத்துகிறவர்.

"'கடல் தின்ற கோட்டை' வேணும்" என்றார் மாமியார்.

"எந்தப் பதிப்பு?"

"ஒரே கதைதானே? அதுல எத்தனை பதிப்பு?"

கடைக்காரப் பெண்மணி ஒரு தும்மல் போட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கைநிறையப் புத்தகம். மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். மாமியார் மலைத்துப்போனார். மலைப்பு ஒரு நிமிடம்தான். பிறகு புடவைக்கடைக்குள் நுழைந்தவர்போல மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் கண்ணில் பட்டது பெட்டியில் வைத்த தோல் அட்டைப் பதிப்பு. பக்க ஓரமெல்லாம் தங்கப்பூச்சு.

"அடேயப்பா! நகைப்பெட்டி மாதிரி இருக்கே!" என்று மாமனார் வாயைப் பிளந்தார்.

மாமியார் முகர்ந்து பார்த்தார். "தோலு. கடல் காத்துக்குப் பூஞ்சை பிடிச்சுடும். இந்தத் தங்கம் விரல் பட்டுப் பட்டே போயிடும்."

"இதை வாங்கினவங்க யாரும் பிரிச்சுப் படிச்சதா எனக்குத் தெரியல" என்று கடைக்காரப் பெண்மணி ஒத்துக்கொண்டார். "அலமாரியில வெச்சுப் பெருமை பேசறதுக்குன்னே போட்டது. யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"எம் மருமகளுக்கு. கப்பல்ல எஞ்சினியர். எஞ்சின் ரூம்ல சூடு, மேல வந்தா ஈரம், கை முழுக்க எண்ணெய். பழைய புத்தகத்தை நான் துவைச்சுட்டேன்."

"துவைச்சு...?"

"மெஷின்ல."

கடைக்காரப் பெண்மணிக்கு வந்த தும்மல் அப்படியே நின்றுவிட்டது. மேஜையிலிருந்து மெல்லிய அட்டைப் புத்தகத்தை அவராகவே ஓரமாகத் தள்ளினார். "அப்ப இது வேண்டாம். பக்கங்களை வெட்டி முதுகுல வெறும் பசை போட்டு ஒட்டினது. சூடு பட்டா பசை இளகும். ஒவ்வொரு பக்கமா கழண்டு கையோட வரும்."

"அவ பழசு இந்த மாதிரிதான். ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருப்பா."

"இந்தக் கெட்டி அட்டை?" என்று மாமனார் பளபளப்பான ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

கடைக்காரப் பெண்மணி அதன் முதுகின் மேல்முனையைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. அட்டைதான் கெட்டி. உள்ள இதுவும் அதே பசைதான்."

"நம்ம எதிர்வீட்டு மாப்பிள்ளை மாதிரி" என்றார் மாமனார். மாமியார் முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

பெரிய படங்கள் போட்ட பதிப்பு ஒன்று இருந்தது. அதில் ஆமை ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து இளவரசிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. மாமனார் அதில் மூழ்கிவிட்டார். "ஏம்மா, இந்த ஆமை பேசறது அப்படியே உங்கக்கா மாதிரி இருக்கு, கேளேன்" என்று படித்துக்காட்ட ஆரம்பித்தார். மாமியார் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்தார். தலையணை அளவு புத்தகம், எந்தப் பாக்கெட்டில் போகும்?

கடைசியில் இருந்தது ஆடம்பரம் இல்லாத ஒன்று. கனமான நீலத் துணி போர்த்திய அட்டை. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிசு, நல்ல தடிமன். கடைக்காரப் பெண்மணி அதை நடுவில் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். புத்தகம் மூடிக்கொள்ளாமல் அப்படியே விரிந்து கிடந்தது.

"தையல் பைண்டிங்" என்றார். "தாளைக் கொஞ்சம் கொஞ்சமா மடிச்சு, மடிப்புக்குள்ள ஊசி விட்டுத் தைச்சு, எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினது. ஒரு கையில டீ, ஒரு கையில ஸ்பேனர் இருந்தாக்கூட படிக்கலாம். தாளும் சீக்கிரம் பழுப்பேறாது. எழுத்தும் கண்ணை உறுத்தாது."

மாமியார் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய், மடிப்பின் நடுவில் தெரிந்த நூலை நகத்தால் நெருடினார். இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு, அட்டைத் துணியில் வைத்து நன்றாகத் தேய்த்தார்.

"அம்மா! அம்மா! வாங்கினப்புறம் தேச்சுக்கங்க!" என்று கடைக்காரப் பெண்மணி அலறினார்.

"சாயம் போகுதான்னு பாக்க வேண்டாமா? ஏங்க, உங்க கைக்குட்டையக் குடுங்க."

வெள்ளைக் கைக்குட்டையால் இன்னொரு தேய்ப்பு. கைக்குட்டையில் ஒரு பொட்டு நீலம் ஒட்டவில்லை. "கெட்டிச் சாயம்" என்று மாமியார் தலையாட்டிவிட்டுத் துணிப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து மருமகளின் மாற்று பாய்லர் சூட் வெளியே வந்தது.

"ஏங்க, இதைப் போட்டுக்குங்க."

"எதை? நானா? இங்கயா?"

"பாக்கெட்ல நிக்குதான்னு பாக்கணும். சட்டை மேலயே போடுங்க, ஒண்ணும் குறைஞ்சுட மாட்டீங்க."

மனைவி சொல்லுக்கு மறுசொல் பேசாத மாமனார், அலமாரிகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் தத்தித் தத்தி அதற்குள் நுழைந்தார். கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. ஜிப்பு வயிற்றைத் தாண்ட மறுத்தது. மாமியார் நீலப் புத்தகத்தைத் தொடைப் பாக்கெட்டில் செருகினார். அளவெடுத்துத் தைத்ததுபோல உள்ளே போய் உட்கார்ந்தது.

"குனிங்க."

குனிந்தார்.

"இன்னும் நல்லா. எஞ்சினுக்கு அடியில புகுந்து வேலை செய்றவ அவ. ம், உக்காருங்க. எந்திரிங்க. இப்ப ஏணில ஏறுங்க."

"ஏணியா!"

"கப்பல்ல ஏணி இல்லாம, லிப்ட்டா இருக்கு?"

மாமனார் ஏணியில் ஏறினார். சக்கரம் வைத்த ஏணி அல்லவா? அவர் பாதி ஏறியதும் அது வரலாற்று நூல்களிலிருந்து புறப்பட்டு, சமையல் புத்தகங்களைக் கடந்து, குழந்தைகள் பகுதியில் போய் நின்றது. "பிடி! பிடி!" என்ற அலறல் கூடவே போனது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். புத்தகம் மட்டும் பாக்கெட்டிலிருந்து அசையவில்லை.

"இதுதான்!" என்று மாமியார் கைதட்டினார்.

கடைக்காரப் பெண்மணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வேளை, இது ஒண்ணுதான் பாக்கி. அடுத்தது வர மாசக்கணக்குல ஆகும். முதல் பக்கத்துல ஏதாவது எழுதிக் குடுக்கறீங்களா? பேனா தரட்டுமா?"

மாமியார் பேனாவை வாங்கினார். வெகுநேரம் யோசித்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேண்டாம். 'மன்னிச்சுக்கோ'ன்னு எழுதினா, அதுக்கும் 'பரவாயில்ல'ன்னுடுவா."

அவர்கள் திரும்பி வந்தபோது சலவைக்கடையில் திருவிழாக் கூட்டம். மகன் ஒற்றை ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்தான். ஒரு காலுறை காணாமல் போன ஒருவர் மற்றொன்றைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு நின்றார். மாமியார் புத்தகத்தையும் பாய்லர் சூட்டையும் கவுண்டரில் வைத்துவிட்டு, பரிசுத்தாள் தேடி உள்ளே போனார். மாமனார் கவுண்டருக்கு வந்து கூட்டத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சலவைக்கடைக்குள் எந்தத் துணி வந்தாலும் முதல் வேலை, மூலையில் குறி போடுவது. அழியாத கறுப்பு மை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறி. வீட்டுத் துணி அவற்றோடு கலந்துவிடாமல் இருக்க அதற்கென்று ஒரு சின்ன முக்கோணம். குறி போடுவது மாமனாரின் இலாகா. அதற்கு அவருக்குக் கண் தேவையில்லை, கை பார்த்துக்கொள்ளும்.

"உங்க காலுறை எங்க போயிடும் சார், தேடித் தர்றேன்" என்று அவர் வாய் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கை பாட்டுக்குக் கவுண்டரில் துழாவியது. தடிமனான நீலத் துணி தட்டுப்பட்டது. பக்கத்தில் மருமகளின் உடுப்பு, ஆகவே வீட்டுத் துணி. பேனா இறங்கியது. மூலையில் கச்சிதமாக ஒரு முக்கோணம்.

மை காய்ந்த பிறகுதான் கண் பார்த்தது.

"ஐயையோ" என்றார் மாமனார், மிக மெல்லிய குரலில்.

பரிசுத்தாளோடு வந்த மாமியார் அந்த முக்கோணத்தைப் பார்த்தார். தாள் கையிலிருந்து நழுவியது.

"அட பாவி மனுஷா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"துணின்னு நினைச்சுட்டேன்."

"துணியைப் பிரிச்சா பக்கம் பக்கமா எழுத்து இருக்குமா?"

"நான் பிரிக்கவே இல்லியே."

மாமியார் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். எலுமிச்சை, சோடா, ஸ்பிரிட் என்று எல்லா பாட்டிலும் இறங்கியது. ஆனால் எத்தனை சலவைக்கும் போகாத மை வேண்டும் என்று தேடி அலைந்து அந்த மையை வாங்கியவரே அவர்தான். முக்கோணம் சிரித்துக்கொண்டு அப்படியே இருந்தது. ஸ்பிரிட் பட்டு, அதைச் சுற்றியிருந்த நீலம்தான் வெளுத்து வட்டமாகத் திட்டுப் போட்டது. இப்போது முக்கோணம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாமா?" என்று கேட்டார் வாசற்படியில் நின்ற மாமனார்.

"வாயை மூடுங்க."

மாமியார் வாஷிங் மெஷின்மேல் சாய்ந்து நின்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்துப் பார்த்து வாங்கியதாயிற்று, இழுத்துத் தேய்த்து ஏணி ஏற்றியதாயிற்று, வீட்டுக்கு வந்த கையோடு கெடுத்தாயிற்று. இனி அவள் 'பரவாயில்ல அத்தை' என்பாள், சிரிப்பாள், கார் ஏறிவிடுவாள். ஆறு மாதம் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. கப்பல் கம்பெனியின் கார்.

மருமகள் பையோடு கீழே இறங்கி வந்தாள். துறைமுகம் வரை கூடப் போவதற்காகப் பின்னாலேயே மகன். கவுண்டரில் இன்னும் நாலைந்து வாடிக்கையாளர்கள். மாமியார் புத்தகத்தைத் தாளில் சுற்றக்கூட இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

"இந்தாம்மா. பழசு மாதிரி வராது. இருந்தாலும்..."

மருமகள் தலைப்பைப் பார்த்தாள். பையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"அத்தை! தையல் பைண்டிங்! இது கிடைக்கவே கிடைக்காதே! நான் எத்தனை ஊர் கடையில கேட்டிருக்கேன் தெரியுமா!" புத்தகத்தைப் பிரித்தாள், முகர்ந்தாள், ஆமை வரும் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். தொடைப் பாக்கெட் இருக்கும் இடத்தில் வைத்து அளவு பார்த்தாள். குழந்தைபோல ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு புத்தகத்தைத் திருப்பினாள்.

காலுறைக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"பர..." என்று ஆரம்பித்தாள் மருமகள். அதற்குமேல் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. முகம் சிவந்தது.

"ஐயோ, அத்தை!"

கம்பிகளில் தொங்கிய சட்டைகள் ஆடின என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலுறைக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"புதுப் புத்தகத்துல யாராவது சலவைக்குறி போடுவாங்களா? பழசைத் துவைச்சீங்க, சரின்னு வாயை மூடிக்கிட்டேன். புதுசுக்குக் குறியா? அதைத் தேச்சு வேற வெளுத்து வெச்சிருக்கீங்க! 'பாக்கெட்டைப் பார்'னு செவுத்துல எழுதி மாட்டியிருக்கீங்களே, அது யாருக்கு? ஊருக்கா? அப்புறம் அந்த பெட்ஷீட்! பெட்ஷீட்டுக்கு எதுக்கு அத்தை கஞ்சி? திரும்பிப் படுத்தா மொடமொடன்னு சத்தம் கேக்குது! ஒரு வருஷமா ஒரே பக்கமா படுத்துக் கழுத்து பிடிச்சுக்கிச்சு! டவலுக்கும் கஞ்சி! முகம் துடைச்சா தோல் உரியுது! சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு..."

சட்டென்று நிறுத்தினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் எப்போதோ மறைந்துவிட்டார்.

"அத்தை" என்றாள் சின்னக் குரலில். "நான் இப்ப கத்தினேனா?"

"கத்தினே" என்றார் மாமியார். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"ஐயோ, அழாதீங்க அத்தை! சாரி, நான் வேணும்னு..."

"சாரி பூரின்னா அடி விழும். நிறுத்தாதே. டவல் வரைக்கும் வந்துட்டே. இன்னும் என்ன பாக்கி, சொல்லு."

மருமகள் மாமியாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எஞ்சின் ரூம்ல பக்கத்துல நிக்கற ஆளுக்கே கத்தினாத்தான் கேக்கும் அத்தை. கத்திக் கத்தி என் குரலே இப்படி ஆயிடுச்சு. இந்தக் குரல் வீட்டுல கேட்டா நீங்கல்லாம் பயந்துடுவீங்கன்னு ஒரு வருஷமா அடக்கி அடக்கிப் பேசிட்டிருக்கேன். தொண்டையே வலிக்குது."

"அடக்கினியா! நான் என்னமோ உனக்கு இந்த வீடு ஒட்டலன்னு..." மாமியார் மருமகளை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"டவல் விஷயத்துல அவ சொல்றது நியாயம்தான் மேடம்" என்றார் காலுறைக்காரர், நேரம் பார்த்து. "என் வீட்டுலயும் அதே கதி."

கடை முழுக்கச் சிரித்தது. மாமனார் சட்டைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "முக்கோணம் போட்டது நான்மா" என்று வாக்குமூலம் கொடுத்தார். "வீட்டுக் குறிதான் போட்டேன். மாத்தி எதுவும் போடல."

"அது தெரியாதா மாமா? இவ்வளவு நேரா வேற யாருக்கு வரும்?" மருமகள் புத்தகத்தை எடுத்து அந்த வெளுத்த திட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தாள். "இருக்கட்டும். கப்பல்ல இனிமே யாரும் இதைச் சுட முடியாது."

டிரைவர் மறுபடி ஹார்ன் அடித்தான். பை காரில் ஏறியது, மகன் ஏறினான், மருமகள் ஏறினாள். கதவைச் சாத்தியவள் கண்ணாடியை இறக்கி, மாமியாரைக் கிட்டே வரும்படி விரலை ஆட்டினாள்.

"அத்தை, நான் கத்தியாச்சு. உங்களுக்கும் ஒரு சான்ஸ் தரணுமில்ல? அதான் நியாயம்."

"எதுக்கும்மா?"

"நானும் ஒண்ணு பண்ணியிருக்கேன். உங்களுக்குத் தெரியாம."

"என்ன பண்ணினே?"

"இப்ப சொன்னா கத்துவீங்க. கப்பல் ஏறிட்டு போன் பண்றேன். மாமாவைக் கேக்காதீங்க. அவருக்குத் தெரியும், ஆனா பாவம், சொல்ல மாட்டார்."

மாமியார் திரும்பிப் பார்த்தார். வாசலில் இதுவரை நின்றுகொண்டிருந்த மாமனாரைக் காணோம்.

கார் நகர்ந்தது. ஒரு வருடமாக 'வாம்மா, போம்மா' என்று கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாளுவதுபோல மருமகளோடு பேசிக்கொண்டிருந்த மாமியார், அத்தனை வாடிக்கையாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினார்.

"அடியே! என்னடி பண்ணித் தொலைச்சே? சொல்லிட்டுப் போடி!"

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. முனையில் திரும்பிக்கொண்டிருந்த காரிலிருந்து ஒரு கை நீலப் புத்தகத்தோடு வெளியே நீண்டு ஆடியது. எஞ்சினையே அடக்குகிற குரல் ஒன்று தெரு நெடுகக் கேட்டது.

"இன்னும் சத்தமா அத்தை! காதுல விழல!"